வெயிலில் எடுத்த இரவு: ‘நோஸ்ஃபெராட்டு’ படமும் டிராகுலா வழக்கும்

வெயில் பட்டால் ரத்தக் காட்டேரி செத்துப்போகும் என்பது இன்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூண்டு, சிலுவை, நெஞ்சில் அடிக்கும் மர ஆப்பு என்ற வரிசையில் அதுவும் சேர்ந்துவிட்டது. கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் காலங்காலமாகச் சொல்லிவந்த நம்பிக்கை என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் பிராம் ஸ்டோக்கர் 1897-இல் வெளியிட்ட ‘டிராகுலா’ நாவலில் அப்படி ஒரு விதியே கிடையாது. அதில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடில்லி தெருவில் நிற்கிறான். குதிரை வண்டியில் பெரிய தொப்பியோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். பகலில் அவனுடைய மாய சக்தி குறையும், நினைத்தபடி உருமாற முடியாது, அவ்வளவுதான்.

வெயிலால் காட்டேரியைக் கொல்லலாம் என்று ஆக்கியது ஒரு மௌனப் படம். ஜெர்மனியில் 1922-இல் வெளியான ‘நோஸ்ஃபெராட்டு’. ஸ்டோக்கரின் நாவலை, அவர் குடும்பத்திடம் அனுமதி வாங்காமலே படமாக்கினார்கள். வழக்கு வந்தது, படத்தின் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. நாவலிலிருந்து எதை எடுத்தார்கள் என்பதற்காகத்தான் அந்த வழக்கு. ஆனால் நூறு வருஷம் கழித்தும் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்றால், அதற்குக் காரணம் பெரும்பாலும் நாவலில் இல்லாத விஷயங்கள்.

முதலில் நாவல்காரரைப் பற்றிக் கொஞ்சம். டப்ளினில் பிறந்த ஸ்டோக்கருக்குப் பிழைப்பு எழுத்து இல்லை. லண்டன் லைசியம் தியேட்டரில் ஹென்றி இர்விங் என்ற பெரிய நடிகருக்கு மேனேஜராக இருந்தார். நாடகத் தொழிலின் நெளிவுசுளிவு தெரிந்தவர் என்பதால், புத்தகம் கடைக்கு வருவதற்குச் சில நாள் முன்பே, 1897 மே 18 அன்று, நாவலை நாடகமாக்கி லைசியம் மேடையில் ஒருமுறை வாசிக்கவைத்தார். மேடை உரிமையைத் தக்கவைத்துக்கொள்ள அந்தக் காலத்தில் அதுதான் வழி. லூமியே சகோதரர்கள் பாரிஸில் காசு வாங்கிக்கொண்டு படம் காட்ட ஆரம்பித்து அப்போது ஒன்றரை வருஷம்கூட ஆகவில்லை. சினிமாக்காரர்கள் வந்து கதையை எடுத்துக்கொண்டு போவார்கள் என்று அவர் எங்கே யோசித்திருக்கப் போகிறார்? 1912-இல் இறந்தார். மனைவி ஃப்ளோரன்ஸுக்குப் பெரிய சொத்து எதுவும் மிஞ்சவில்லை. இந்த ஒரு புத்தகத்தின் உரிமைதான் அவருக்குக் கைகொடுத்தது.

பெர்லினில் 1921-இல் பிரானா ஃபிலிம் என்ற கம்பெனி தொடங்கியது. நம்ம ‘பிராணன்’தான் அந்தப் பெயர். தொடங்கியவர்களில் ஒருவர் ஆல்பின் கிராவ், ஓவியர், மாந்திரீகத்திலும் ரகசிய வித்தைகளிலும் ஊறியவர். அமானுஷ்யப் படங்களாக வரிசையாக எடுத்துத் தள்ளுவதுதான் கம்பெனியின் திட்டம். கடைசியில் எடுத்தது இந்த ஒன்றுதான். அரங்கம், உடை, விளம்பரச் சித்திரம் எல்லாமே கிராவின் கைவண்ணம். படத்தின் ஆரம்பத்தில், வீட்டுத் தரகன் நாக் கையில் ஒரு கடிதம் வரும். படத்தின் காட்டேரியான ஆர்லாக் பிரபு அனுப்பிய கடிதம் அது. சில நொடிகள்தான் திரையில் இருக்கும் என்றாலும் அந்தக் காகிதம் முழுக்க மந்திரக் குறிகளும் சின்னங்களும் நெருக்கமாக வரைந்திருக்கும். யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தே மெனக்கெட்டிருக்கிறார்கள்.

திரைக்கதை எழுதியவர் ஹென்ரிக் காலீன். இயக்கியவர் எஃப். டபிள்யூ. மூர்னாவ், அப்போது முப்பதைத் தாண்டிச் சில வருஷம்தான். முதல் உலகப் போரில் விமானியாக இருந்துவிட்டுச் சினிமாவுக்கு வந்தவர். ஊர், பெயர், காலம் எல்லாம் மாறின. டிராகுலா ஆர்லாக் ஆனான். வீட்டு விற்பனைக்காக டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஜொனாதன் ஹார்க்கர் ஹுட்டர் ஆனான், அவன் மனைவி மீனா எல்லென் ஆனாள். லண்டன் போய் விஸ்போர்க் என்ற கற்பனை ஜெர்மானியத் துறைமுகம் வந்தது. நாவல் நடந்தது ஸ்டோக்கரின் சமகாலத்தில். டைப்ரைட்டரும் ஃபோனோகிராஃபும் அதில் உண்டு. படம் பின்னோக்கி 1838-க்குப் போய்விட்டது.

உரிமைப் பணம் கட்டாமல் தப்பிக்கத்தான் பெயரை மாற்றினார்கள் என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருப்பார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. படத்தின் ஆரம்ப டைட்டிலிலேயே, பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா நாவலைத் தழுவியது என்று போட்டிருக்கிறார்கள். திருட்டை மறைக்க நினைத்தவன் பொருளுக்குச் சொந்தக்காரர் பெயரை வாசலில் எழுதி வைப்பானா? மூர்னாவுக்கு இது முதல் தடவையும் இல்லை. 1920-இல் ஸ்டீவன்சனின் ஜெக்கில்-ஹைடு கதையைப் பாத்திரப் பெயர்களை மாற்றி, உரிமை வாங்காமலே படமாக்கியிருந்தார். அந்தப் படம் இன்று கிடைப்பதில்லை. அதில் வேலைக்காரனாக ஒரு சின்ன வேடம் போட்டவர் பெலா லுகோசி, பின்னாளில் ஹாலிவுட்டின் டிராகுலா. பெயரை மாற்றினால் போதும் என்ற அலட்சியம் அன்றைய தொழிலில் இருந்தது. ஜெர்மன் ரசிகர்களுக்குக் கதை சொந்த ஊரில் நடப்பதுபோல் இருக்கட்டும் என்ற எண்ணமும் சேர்ந்திருக்கும்.

பெயர் மாற்றத்தைவிடக் கதைக்குள் செய்த மாற்றம்தான் கனமானது. நாவலில் டிராகுலா ஒரு பிரபு. ஆங்கிலம் படித்து, லண்டனில் வீடு வாங்கி, கூட்டத்தோடு கலந்து வாழப் பார்க்கிறான். கடிபட்டவர்களும் காட்டேரி ஆவார்கள். அவனை எதிர்க்க ஒரு படையே உண்டு: டாக்டர், வக்கீல், அமெரிக்கப் பணக்காரன், எல்லாருக்கும் மேலே வான் ஹெல்சிங் என்ற பேராசிரியர். விஞ்ஞானமும் நட்பும் ஜெபமாலையும் சேர்ந்து பேயைத் துரத்தி அடிக்கும் கதை.

படத்தில் இந்தப் படையைக் காணோம். வான் ஹெல்சிங்குக்குப் பதிலாக புல்வர் என்று ஒரு பேராசிரியர் வருகிறார். பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடியையும், நுண்ணோக்கியில் ஏதோ ஒரு நீர்ப்பிராணியையும் மாணவர்களுக்குக் காட்டிப் பாடம் நடத்துகிறார், அதோடு சரி. கதையில் அவரால் ஒரு பைசா பிரயோஜனம் கிடையாது. ஆர்லாக்கும் யாரையும் காட்டேரியாக மாற்றுவதில்லை. அவன் போகிற இடத்துக்கெல்லாம் எலிகளும் கூடவே போகின்றன, கொள்ளைநோய் வருகிறது. ஊரில் முரசடித்து அறிவிப்பு, வீட்டுக் கதவுகளில் சுண்ணக்கட்டியால் சிலுவைக் குறி, குறுகலான தெருவின் நடுவே வரிசையாகத் தோளில் வரும் சவப்பெட்டிகள். அந்தச் சவ ஊர்வலத்தை எல்லென் மேலே ஜன்னலில் இருந்து பார்க்கிறாள். கேமராவும் அங்கேயே நிற்கிறது, பக்கத்தில் போவதே இல்லை.

இந்தப் படம் வந்தபோது போர் முடிந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. 1918-இன் விஷக்காய்ச்சல் அதே கையோடு வந்து போயிருந்தது. சவப்பெட்டி வரிசையை அன்றைய ஜெர்மன்காரர் வெறும் பேய்க்கதையாகப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பிறகு வந்தவர்கள் வேறு அர்த்தங்களும் கண்டார்கள். திரை விமர்சகர் சீக்ஃபிரீட் கிராகாவர் 1947-இல் எழுதிய நூலில், அன்றைய ஜெர்மன் படங்களில் வந்துகொண்டே இருந்த கொடுங்கோலன் உருவங்களில் ஒன்றாக ஆர்லாக்கைச் சேர்த்தார். நீண்ட மூக்கு, கிழக்கிலிருந்து வரும் அந்நியன், கூடவே எலிகள், நோய்: இந்தச் சேர்க்கை யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களை நினைவூட்டுகிறது என்ற விமர்சனமும் உண்டு. திரைக்கதை எழுதிய காலீனும், நாக் வேடம் போட்ட அலெக்ஸாண்டர் கிரானாக்கும் யூதர்கள், ஹிட்லர் வந்ததும் நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தவர்கள். அதை வைத்து இந்த விமர்சனத்தைத் தள்ளிவிட முடியாது. எடுத்தவர்கள் நினைக்காததும் ஒரு படத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடும்.

அந்தக் காலத்து ஜெர்மன் திகில் படம் என்றால் ஸ்டூடியோவுக்குள் கோணல்மாணலாக வரைந்த சுவரும் கூரையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். ‘டாக்டர் காலிகாரி’ 1920-இல் போட்டுக்கொடுத்த பாதை அது. மூர்னாவ் வெளியே போனார். 1921 கோடையில் வடக்கே விஸ்மார் துறைமுகத்தில் படப்பிடிப்பு. லூபெக் நகரில் ஆற்றோரம் வரிசையாக நிற்கும் பழைய உப்புக் கிடங்குகள்தான் ஆர்லாக் வாங்கும் பாழடைந்த வீடு. கோட்டைக்கு இன்றைய ஸ்லோவாக்கியாவின் ஓராவா கோட்டை, மலைக்கு டாட்ரா மலைத்தொடர். விஸ்மாருக்கும் லூபெக்குக்கும் போனால் அந்த இடங்களில் பலவற்றை இன்றும் பார்க்கலாம். பேய் வருகிற இடம் நிஜமான கல், நிஜமான மரம், நிஜமான கடல். மலைச்சரிவில் மேயும் குதிரைகள் திடீரென்று மிரண்டு ஓடும் காட்சியில் தந்திரம் எதுவும் இல்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அந்த மலையைச் சும்மா பார்க்க முடியாது.

தந்திரக் காட்சிகளும் உண்டு, எல்லாம் கேமராவிலும் லேபிலும் செய்தவை. ஹுட்டரை ஏற்றிக்கொண்டு வண்டி கோட்டைக்குப் போகிறது. மெதுவாகச் சுழற்றி எடுத்ததால் திரையில் வண்டி வெட்டி வெட்டி, பூச்சி ஊர்கிற மாதிரி வேகமாக ஓடும். அப்புறம் சில நொடிகளுக்குப் படமே நெகட்டிவாக மாறும். வானம் கறுப்பு, மரங்கள் வெளுத்துப்போய் எலும்புபோல நிற்கும். வண்டி மட்டும் கறுப்பாகவே தெரிய வேண்டும் என்று அந்த ஷாட்டுக்கு அதை வெள்ளைத் துணியால் மூடி எடுத்தார்கள். சில காட்சிகள் இன்று சிரிப்பை வரவழைக்கும். ஓநாய் வர வேண்டிய இடத்தில் கழுதைப்புலி வந்து நிற்பதைப் பார்த்துப் பயப்படுவது கஷ்டம். கப்பலில் பெட்டிக்குள்ளிருந்து ஆர்லாக் குச்சிபோல விறைப்பாக அப்படியே எழுந்து நிற்பது மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

அதில் பாதிக்கு மேல் மாக்ஸ் ஷ்ரெக்கின் உடம்புதான் காரணம். மியூனிக், பெர்லின் மேடைகளில் பழகிய நாடக நடிகர் அவர். மொட்டைத் தலை, கூர்க்காது, முன்னால் நீட்டிய எலிப்பல். பின்னால் வந்த காட்டேரிகளுக்குப் பக்கவாட்டில் கோரைப்பல் இருக்கும், அழகும் இருக்கும். இவனிடம் மருந்துக்கும் அழகு இல்லை. கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தோளை உயர்த்தி, சின்னச் சின்ன அடியாக வைத்து நடப்பான். எல்லென் வீட்டுக்கு வரும் கடைசி இரவில் அவன் முழு உருவம் மாடிப்படியில் வருவதே இல்லை. நிழல்தான் ஏறுகிறது: வளைந்த முதுகு, படிக்குப் படி நீளும் விரல்கள். பிறகு அந்தக் கையின் நிழல் எல்லெனின் மார்பின் மேல் ஊர்ந்து வந்து, இதயம் இருக்கும் இடத்தில் மூடிக்கொள்ளும். நிழல் பட்டதற்கே அவள் வலியில் துடிக்கிறாள்.

இந்தப் படத்தில் இரவு என்று வரும் வெளிப்புறக் காட்சிகள் எல்லாமே பகலில் எடுத்தவை. ராத்திரி நேரத்து வெளிச்சத்தில் வெளியே படம் பிடிக்கும் அளவுக்கு அன்றைய பிலிமுக்குத் திறன் கிடையாது. நம்ம சினிமாக்காரர்கள் பிற்காலத்திலும் ‘டே ஃபார் நைட்’ என்று செய்த வேலைதான். மூர்னாவ் காலத்தில் அதற்குச் சாயம் ஏற்றுவார்கள். பிரிண்ட் போட்ட பிறகு காட்சி காட்சியாக வெட்டி, இரவுக்கு நீலம் அல்லது பச்சை, விளக்கு எரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு என்று சாயத்தில் முக்கி, திரும்ப ஒட்டுவார்கள். ஆக, நிறம் இருப்பது நெகட்டிவில் இல்லை, அந்தந்தப் பிரிண்டில்தான். சாயம் போட்ட பிரிண்டிலிருந்து பிற்காலத்தில் கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தபோது நிறம் போயே போய்விட்டது. ரொம்ப வருஷம் உலகம் பார்த்தது அந்த நகல்களைத்தான். அதில் ஆர்லாக் தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பளீரென்ற வெயிலில், தரையில் தன் நிழலோடு ஊருக்குள் விறுவிறுவென்று நடந்து போவான். வெயில் பட்டால் சாகிறவனாயிற்றே, இதென்ன கூத்து என்று தோன்றும். நீலச் சாயத்தோடு பார்த்தால் அதே நடை நள்ளிரவில் நடக்கிறது.

முடிவுக்கு வருவோம். நாவலின் கடைசியில் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில் இரண்டு பேர் கத்தியால் டிராகுலாவின் கழுத்தையும் இதயத்தையும் முடித்துவிடுகிறார்கள். குதிரையில் துரத்தல், துப்பாக்கி, பனி எல்லாம் உண்டு. படத்தில் கத்தியில்லை, துரத்தலும் இல்லை. கணவன் தொடாதே என்று சொல்லியும் எல்லென் காட்டேரிகளைப் பற்றிய புத்தகத்தைப் படிக்கிறாள். களங்கமில்லாத ஒரு பெண் தானாக மனமொப்பி ரத்தம் கொடுத்து, சேவல் கூவும்வரை அவனை இருக்கவைத்தால் அவன் ஒழிவான் என்று அதில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவிட்டு, புல்வரை அழைத்து வரச்சொல்லிக் கணவனை அனுப்பிவிடுகிறாள். சேவல் கூவுகிறது. ஆர்லாக் எழுந்து ஜன்னலைத் தாண்டிப் போகப் பார்க்கிறான், வெயில் விழுகிறது, நெஞ்சில் கைவைத்து நின்றபடியே மங்கி மறைகிறான். தரையில் கொஞ்சம் புகை. சேவல் கூவினால் பேய் போய்விடும் என்பது எத்தனையோ நாட்டுக் கதைகளில் உள்ள பழைய சங்கதிதான். அவை போவதோடு சரி, மறுநாள் இரவு திரும்பி வரலாம். வெளிச்சம் பட்டதும் ஒரேயடியாக அழிவது இங்கேதான் தொடங்கியது. ஒரு உருவத்தை வெளிச்சத்தில் கரையவிடுவது சினிமாவுக்குக் கைவந்த வித்தை. எழுத்தாளருக்கு இது தோன்றாமல் போனதில் ஆச்சரியம் இல்லை.

1922 மார்ச் 4 அன்று பெர்லின் மிருகக்காட்சிசாலையின் மார்பிள் மண்டபத்தில் முதல் காட்சி. விருந்தினர்கள் படத்தின் காலத்துக்கு ஏற்ற பழைய பாணி உடையில் வரும்படி அழைப்பு. ஆட்டபாட்டத்தோடு பெரிய விழா. விளம்பரத்துக்குக் கொட்டிய காசு திரும்பவில்லை, அந்த வருஷமே பிரானா திவாலானது. அதற்குள் லண்டனில் ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கருக்கு பெர்லினிலிருந்து, அனுப்பியவர் பெயரில்லாமல், ஒரு தபால் வந்தது. உள்ளே அந்த விழாவின் நிகழ்ச்சி நிரல். கணவரின் நாவலைத் தழுவியது என்று அதிலேயே அச்சாகியிருந்தது.

அப்போது அவருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. எழுத்தாளர் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து, சங்கத்தின் மூலம் ஜெர்மனியில் வழக்கு நடத்தினார். பிரிட்டனும் ஜெர்மனியும் பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தில் இருந்ததால் நாவலின் உரிமை அங்கேயும் செல்லும். ஆனால் எதிர்த்தரப்பு திவாலான கம்பெனி, நஷ்ட ஈடு வாங்க அங்கே ஒன்றும் இல்லை. கடைசியில் படத்தையே அழிக்கக் கேட்டார். 1925 ஜூலையில் நெகட்டிவ், பிரதிகள் அனைத்தையும் அழிக்க உத்தரவு வந்தது. கலையின் எதிரி, பிடிவாதக்காரக் கிழவி என்று சினிமா வரலாற்றாசிரியர்கள் சிலர் இவரை எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. கணவர் விட்டுப்போன ஒரே வருமானத்தை யாரோ கேட்காமல் எடுத்துக்கொண்டால் வேறு என்ன செய்வார்? உரிமையைக் காத்ததால்தான் விற்கவும் முடிந்தது. அவர் அனுமதியோடு 1924-இல் டெர்பி நகரில் டிராகுலா நாடகம் அரங்கேறியது. 1927-இல் அது பிராட்வேக்குப் போனது, கதாநாயகன் லுகோசி. 1931-இல் யுனிவர்சல் ஸ்டூடியோ முறையாக உரிமை வாங்கிப் படமாக்கியது. இதில் ஒரு வேடிக்கை, அமெரிக்காவில் பதிவு விதிகளைச் சரியாகப் பூர்த்தி செய்யாததால் அங்கே நாவலுக்குக் காப்புரிமையே இல்லாமல் போயிருந்தது.

செலவைக் குறைக்க ஒரே கேமராவில் எடுத்த படம் என்பதால் மூல நெகட்டிவும் ஒன்றே ஒன்றுதான். அது போய்விட்டது. ஆனால் அதற்குள் பிரிண்டுகள் பல நாடுகளுக்கு விற்பனையாகியிருந்தன, ஜெர்மன் நீதிமன்றத்தின் கை அங்கெல்லாம் எட்டவில்லை. லண்டன் ஃபிலிம் சொஸைட்டி, ஃப்ளோரன்ஸின் எதிர்ப்பையும் மீறி 1928 டிசம்பரில் படத்தைத் திரையிட்டது. அடுத்த வருஷம் நியூயார்க்கில் ஓடியது. பாரிஸில் கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகள் இதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். பாலத்தைத் தாண்டியதும் பேயுருவங்கள் அவனை எதிர்கொண்டு வந்தன என்ற பிரெஞ்சு டைட்டில் கார்டு ஒன்றின் மேல் அவர்கள் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோனுக்குத் தனி மோகம். 1930-இல் ஜெர்மனியிலேயே யாரோ வெட்டி ஒட்டி, புதுக் காட்சிகள் சேர்த்து, மூர்னாவைக் கேட்காமலே ஒலியோடு இன்னொரு பெயரில் வெளியிட்டார்கள். திருடிய படத்தையும் திருடினார்கள். அடுத்த வருஷம் கலிஃபோர்னியாவில் கார் விபத்தில் மூர்னாவ் இறந்துபோனார், வயது 42.

சிதறிக் கிடந்த இந்தப் பிரிண்டுகளை வைத்து 1980-களில் மியூனிக் திரைப்பட அருங்காட்சியகத்தின் எனோ பட்டாலாஸ் மறுசீரமைப்பைத் தொடங்கினார். பாரிஸ் சினிமாத்தேக் என்ற திரைப்படக் காப்பகத்தில் சாயம் போகாத 1922-ஆம் வருஷத்து நைட்ரேட் பிரிண்ட் ஒன்று இருந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு லூசியானோ பெரியாத்துவா 2005–06-இல் முடித்த பிரதிதான் இன்று கிடைப்பவற்றில் மூலத்துக்கு ரொம்ப நெருக்கமானது, சுமார் ஒன்றரை மணி நேரம். ஹான்ஸ் எர்ட்மான் அமைத்த இசையில் முழு ஸ்கோரும் கிடைக்கவில்லை. அவரே பிறகு தனியாக வெளியிட்ட தொகுப்பை வைத்து மீட்டெடுத்தார்கள்.

படத்தை இணையத்தில் தேடினால் பல வடிவம் வரும். முழுக்கக் கறுப்பு வெள்ளையில், மங்கலாக, ஓட்டமாக ஓடும் பிரதிகளை விட்டுவிடுங்கள், சாயம் உள்ளதைப் பாருங்கள். டைட்டில் கார்டையும் ஒருமுறை கவனியுங்கள். பழைய அமெரிக்கப் பிரிண்டுகளிலிருந்து வந்த பிரதிகளில் ஆர்லாக் என்ற பெயரே இருக்காது. அதில் அவன் டிராகுலா பிரபு, ஹுட்டர் ஜொனாதன் ஹார்க்கர், எல்லென் நீனா. பெர்லினில் மாற்றிய பெயர்களை அட்லாண்டிக்கைத் தாண்டியதும் யாரோ நாவலுக்கே திருப்பிவிட்டார்கள்.